முக்கால் கிலோ

பெருந்துறை ரோட்டில் ஒரு பொறியியல் கல்லூரி.
இறகுப்பந்துக் கோடுகளின் மேலேயே
அலுமினிய ஓடுதளம் நான்கை விரித்திருந்தார்கள்.
சித்திரை வெயிலில் கூரைத்தகரம்
அவ்வப்போது நெட்டி முறித்தது.
பேனரில் ஓர் எழுத்து விட்டுப்போய்
'மண்டல வாள்வீசு போட்டி' என்றிருந்தது.
எனக்கு அதுவே பிடித்திருந்தது,
யாரோ அதட்டியது போல.

திருச்செங்கோட்டிலிருந்து நான் ஒருத்திதான்.
எங்கள் ஊருக்கு ரிக் வண்டி தெரியும்,
கம்ப்ரசர் தெரியும். எப்பே வாள் தெரியாது.
அப்பா சத்தீஸ்கரில் எங்கோ
போர் போட்டுக்கொண்டிருந்தார்.
காலையில் போனில் கேட்டார்:
"எத்தனை அடிக்குப் போயிருக்குது கண்ணு?"
"அடி இல்லீங்கப்பா, பாயிண்டு."
"செரி செரி. தண்ணி வந்தாச் சொல்லு."

காலிறுதியில் பொள்ளாச்சி சுகவர்ஷினி.
பதினாலுக்குப் பதினாலு.
இனி இருவரும் ஒன்றாகத் தொட்டால்
அந்தத் தொடலுக்குக் கணக்கில்லை.
இரண்டு முறை அப்படித் தொட்டோம்.
சிவப்பும் பச்சையும் சேர்ந்தே எரிந்து
சேர்ந்தே அணைந்தன,
வெளியே சொல்லக்கூடாத ஒன்றைப் போல.
மூன்றாம் முறை
நான் அவள் மணிக்கட்டைத் தேடிப் போனேன்,
அவள் என் கால் கட்டைவிரலைக் கண்டுபிடித்தாள்.
வலிக்கவேயில்லை.
விளக்கு சொல்லித்தான் தெரிந்தது.

முகக்கூண்டைக் கழற்றினால்
உலகம் திடீரென்று கட்டம் கட்டமாக இல்லாமல் போகிறது.
கையுறை போடாத கையை நீட்டினாள்.
ஈரம். என்னுடையதும்தான்.

பிறகு நான் பார்வையாளர்.
முன்வரிசையில் அரிசிம்பருப்புச் சாதத்தைத் திறந்துவைத்து
இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்:
"ஏனுங்க, இப்ப யாரு குத்துனது?"
"யாருக்கு லைட்டு எரியுதோ அவிங்கதானுங்க."
"கண்ணுக்கே தெரியலீங்களே."
"அதுக்குத்தானுங்க லைட்டு."

அரையிறுதிக்கு முன் நடுவர்
சுகவர்ஷினியின் வாளை நிமிர்த்திப் பிடித்து
முனைமேல் எடையை வைத்தார்.
முக்கால் கிலோ.
உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தூக்க வேண்டும்.
தூக்கவில்லை.
இரண்டாவது வாளில் வயரே செத்திருந்தது.
நாற்காலிகளைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.
"ஏங்க, உங்க வாளு சும்மாத்தான இருக்குது?"

சும்மாத்தான் இருந்தது.
பையின் ஜிப் சிக்கிக்கொண்டது என்று
எல்லோரும் நினைத்திருப்பார்கள்.
சிக்கவில்லை.

என் வாள் முக்கால் கிலோவைத் தூக்கி நிமிர்ந்தது.
அதற்கு ஒரு கூச்சமும் இல்லை.
பிடியில் நான் சுற்றிய பச்சை டேப்,
அதன்மேல் அவள் விரல்கள்.
எனக்கு ஒருநாளும் வராத கோணத்தில்
மேலிருந்து வளைந்து இறங்கித்
தோளைத் தொட்டது.
உன்னால் இது முடியுமா,
ஆறு மாதமாக என்னிடம் சொல்லவேயில்லையே என்று
இரும்பிடம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறுதியில் கரூர்க்காரி, இடக்கை, உயரம்.
பதினொன்றுக்குப் பதினைந்து.
ஒரே நாளில் இரண்டாவது முறை தோற்றது என் வாள்.
எந்தப் புள்ளியில் எழுந்து நின்றேன்,
யாருக்காகக் கத்தினேன் என்று தெரியாது.
தொண்டை மட்டும் கட்டியிருந்தது.

வெள்ளிப் பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
திருப்பிக் கொடுக்க வந்தாள்.
"கொஞ்சம் வளஞ்சிருச்சுங்க.
நிமுத்தித் தரட்டுங்களா?"
வேண்டாம் என்றேன், கொஞ்சம் அவசரமாக.

ஈரோட்டில் பஸ் மாறி
பள்ளிபாளையம் பாலம் ஏறும்போது போன்.
பின்னால் ரிக் உறுமுகிறது.
"என்னாச்சு கண்ணு, தண்ணி வந்துச்சா?"
கீழே ஆற்றில் பாறைதான் அதிகம் தெரிந்தது.
"ஈரம் தட்டுச்சுங்கப்பா."
"என்னது? கேக்கல."
"ஈரம்."
சத்தத்தில் அவருக்கு விழுந்ததோ என்னவோ.

செருப்புக்கடியில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால்
அலகு நேராகிவிடும்.
வைகாசி பிறந்துவிட்டது.
வளைவு இருக்கிறது அப்படியே,
இடப்பக்கமாக,
பொள்ளாச்சியைப் பார்த்து.